கேட்கப்பட்டவர்களும் கேட்கப்படாதவர்களும்: மினெட் டி சில்வாவின் கட்டடக்கலை

மலேசியாவின் கேமரன் மலையில் நவீனக் கட்டடக்கலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துத் தேநீர் மையத்தைக் காட்டுவார்கள். கோலா தெர்லாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் வழியில் கிளைப்பாதை ஒன்றில் திரும்பினால் அந்தக் கட்டடத்தை அடையலாம். கோலாலம்பூரின் இசட்.எல்.ஜி. டிசைன் நிறுவனம் வடிவமைத்தது. மலைச் சரிவிலிருந்து வெளியே நீண்டு, பச்சைப் பரப்பின் மேல் அந்தரத்தில் நிற்கும் அதன் தளத்தில் நின்று பயணிகள் தேநீர் குடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கட்டடக்கலை இதழ்களும் பாராட்டிய வேலை அது, பாராட்டு தகும். அதே தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பும் உண்டு. அதைக் கட்டடக்கலை என்ற தலைப்பில் யாரும் பேசுவதில்லை. ஒரே மலையில், ஒரே தேயிலையால் உருவான இரண்டு கட்டடங்களில் ஒன்று கலையாகவும் மற்றது வெறும் வசதியாகவும் எண்ணப்படுவது ஏன்? இதற்கு விடை தேட, இன்னொரு தேயிலை நாட்டின் மலைநகரில் பிறந்து அங்கேயே பணியாற்றிய ஒரு பெண்ணின் வாழ்வும் வேலையும் உதவும். இலங்கையின் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா (1918-1998) ஆசியாவின் நவீனக் கட்டடக்கலைக்குத் தந்த மிகப் பெரிய கொடை அழகிய சில வீடுகள் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. குடியிருக்கப் போகிறவரைக் கேட்டுவிட்டு வரையத் தொடங்கும் முறைதான் அவருடைய உண்மையான கொடை என்பதும், அந்த முறை எட்டாமல் நின்ற இடம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தங்கள் முகத்தைக் கட்டடங்களில் தேடுவது உலகெங்கும் நடந்த கதை. முதல் உலகப் போருக்குப் பின் தனி நாடான லிதுவேனியா, வில்னியஸ் கைவிட்டுப்போன நிலையில், கௌனஸ் நகரைத் தற்காலிகத் தலைநகராக்கி இருபதே ஆண்டுகளில் அதை நவீன நகரமாக மாற்றியது. 1919 முதல் 1939 வரை அங்கே எழுந்த கட்டடங்களை யுனெஸ்கோ 2023இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தத் தலைமுறையின் முக்கியக் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான வீதௌதஸ் லான்ஸ்பெர்கிஸ்-ஜெம்கால்னிஸ் வரைந்தவற்றில் பேர்பெற்ற ஒன்று பால் உற்பத்திக் கூட்டுறவின் அலுவலகம். உழவர்களின் பால் ஒரு நாட்டின் நவீன அடையாளமாக நகரின் நடுவில் நின்றது. 1940களின் இறுதியில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகியவையும் இதே கேள்வியின் முன் நின்றன. ஐரோப்பாவின் கான்கிரீட்டையும் கண்ணாடியையும் அப்படியே ஏற்பதா, பழைய கோயிலையும் அரண்மனையையும் போலச் செய்வதா என்று அந்தக் கேள்வி பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியதாகவே பேசப்பட்டது. அதை மனிதர்களைப் பற்றிய கேள்வியாக மாற்றியவர்கள் மிகச் சிலர். மினெட் அவர்களில் ஒருவர்.

அவர் அப்படி மாற்றியதற்கு வீட்டுச் சூழலும் ஒரு காரணம். தந்தை ஜார்ஜ் இ. டி சில்வா கண்டியின் வழக்கறிஞர், அரசியல்வாதி, பின்னாளில் அமைச்சர். தாய் ஆக்னஸ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். 1920களின் இறுதியில் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தபோது ஆக்னஸ் அதன்முன் சாட்சியம் அளித்தார். தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் தயங்காமல் பதில் சொன்னார். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆனால் தோட்டத் தமிழர்களுக்கு அது வதிவிட நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த அரைகுறை உரிமையையும் பறித்தன. தம்மை ஆளும் ஏற்பாட்டைப் பற்றி மக்களிடம் கேட்பதே வாக்குரிமை. தாய் அரசியலில் வற்புறுத்திய அதே கோரிக்கையை மகள் வீட்டின் சுவருக்குள் கொண்டுவந்தார் என்று பார்த்தால்தான் மினெட்டின் வேலை முழுதாகப் புரிகிறது.

கட்டடக்கலை படிக்க இலங்கையில் வழியில்லாததால் மினெட் பம்பாய்க்குப் போனார். அங்கே ஒரு நிறுவனத்தில் வரைபட வேலை பழகி, அரசு கட்டடக்கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1942இல் காந்தியின் கைதை எதிர்த்த ஊர்வலத்தில் கலந்துகொண்டு, மன்னிப்புக் கடிதம் தர மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கோனிக்ஸ்பெர்கர், காற்றும் வெயிலும் மழையும் கட்டடத்தின் வடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று கணக்கோடு சொன்னவர். பின்னாளில் லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலைப் படிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரிடம் கற்ற பாடம் மினெட்டை விட்டுப் போகவில்லை. அதே காலத்தில் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தின் ‘மார்க்’ கலை இதழ் தொடங்கப்பட்டபோது மினெட்டும் அக்காள் அனிலும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லண்டன் சென்று ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படிப்பை முடித்தார். 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் நடந்த சர்வதேச நவீனக் கட்டடக்கலை மாநாட்டில் கலந்துகொண்டார். ஐரோப்பிய நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்பூசியேயோடு அவருக்கிருந்த நட்பும் கடிதப் போக்குவரத்தும் நீண்ட காலம் தொடர்ந்தன. 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் என்ற பெயர் பெற்று, இலங்கை விடுதலை அடைந்த அந்தக் காலத்தில் கண்டிக்குத் திரும்பி, பெற்றோரின் வீட்டிலேயே அலுவலகம் திறந்தார்.

முதல் வேலை பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன குடும்பத்துக்குக் கண்டியில் கட்டிய வீடு. 1951இல் முடிந்த அந்த வீட்டைப் பற்றி அவர் ‘மார்க்’ இதழில் எழுதிய கட்டுரை 1953இல் வந்தது. நவீன வட்டாரக் கட்டடக்கலை என்று தம் வழிக்கு அவர் பெயர் வைத்ததும் அந்தக் காலத்தில்தான். மேற்குலகத்தில் வட்டாரத் தன்மை கொண்ட நவீனம் பற்றிய விவாதம் சூடுபிடித்தது 1980களில். மலைச் சரிவை வெட்டிச் சமதளமாக்காமல் வீட்டையே வெவ்வேறு மட்டங்களில் படியவைத்தார். கான்கிரீட்டோடு உள்ளூர்க் கல்லையும் மரத்தையும் சேர்த்தார். தும்பறைப் பாய் நெசவு, அரக்கு வேலை, சுட்ட மண் ஓடு ஆகியவற்றைச் செய்யும் கண்டிக் கைவினைஞர்களை நேரே வேலைக்கு அழைத்தார். ஓவியர் ஜார்ஜ் கீட் சுவரோவியம் தீட்டினார். இதில் மூன்று அறிவுகள் சேர்ந்திருக்கின்றன: நிலத்தின் அறிவு, கைத்தொழிலின் அறிவு, குடும்பம் எப்படி வாழ்கிறது என்ற அறிவு. விழாவுக்கும் விருந்துக்கும் பௌத்தப் பிரித் ஓதும் இரவுக்கும் வீடு எப்படி விரிந்து கொடுக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். பின்னர் கொழும்பில் கட்டிய பீரிஸ் வீட்டில் தூண்கள் மேல் வீட்டை உயர்த்தி, அடியில் நிழலும் நடுவில் முற்றமும் தந்தார். லெ கொர்பூசியேயின் தூண்களும் இலங்கை வீட்டின் முற்றமும் ஒன்றையொன்று மறுக்காமல் அங்கே சேர்ந்து நின்றன.

ஆனாலும் அவருடைய முறை முழு வடிவம் பெற்றது தனி வீடுகளில் அன்று. கண்டி நகரின் ஓரத்தில் வட்டப்புளுவ என்ற இடத்தில் அரசு ஊழியர்களுக்காக 1958இல் உருவான குடியிருப்பே அந்த இடம். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், வெவ்வேறு வருமானப் பிரிவினர், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல இனத்தவரும் மதத்தவரும். மினெட் முதலில் செய்தது கேள்வித்தாள் தயாரித்தது. குடும்பத்தில் எத்தனை பேர், வீட்டில் எதெல்லாம் வேண்டும், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று குடிவரப் போகிறவர்களிடமே கேட்டார். கூட்டங்கள் நடத்திப் பேசினார். கிடைத்த பதில்களிலிருந்து சில அடிப்படை மாதிரிகளை வகுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்ப மாற்றினார். மலையின் வளைவுகளைப் பின்பற்றி வீடுகளை வைத்தார். நின்ற மரங்களை முடிந்தவரை காத்தார். 1958 என்பது இலங்கையில் இனக்கலவரம் வெடித்த ஆண்டு. அதே ஆண்டில் பல இனத்தவர் அக்கம்பக்கமாக வாழ ஒரு குடியிருப்பு உருவானது. அதுவும் அவர்களுடைய சொல்லைக் கேட்டு உருவானது. கட்டடக்கலை வரலாற்றில் குடியிருப்போர் பங்கேற்பு என்ற கருத்து 1960களின் இறுதியிலும் 1970களிலும்தான் பரவலாகப் பேசப்பட்டது. வட்டப்புளுவ அதற்குப் பத்தாண்டுகள் முந்தியது.

மினெட்டுக்கு இவ்வளவு பெரிய இடம் தருவதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் இலங்கையின் இன்னொரு கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவாவைச் சுட்டுவது. வெப்பமண்டல நவீனம் என்றால் உலகம் நினைப்பது பாவாவைத்தான். பெந்தோட்டை ஹோட்டல், கோட்டேயின் நாடாளுமன்றம், கந்தளமை ஹோட்டல், லுணுகங்கைத் தோட்டம் ஆகியவற்றின் முன் மினெட்டின் சில வீடுகள் எம்மாத்திரம் என்பார்கள். பாவாவின் மேதைமையை மறுக்க வேண்டியதில்லை. கட்டடத்துக்கும் நிலக்காட்சிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை அழிப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். பாவா கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல்; அதற்குள் மினெட் கருணாரத்ன வீட்டையும் பீரிஸ் வீட்டையும் கொழும்பின் சேனநாயக்க அடுக்குமாடி வீடுகளையும் கட்டியிருந்தார். பாவாவின் ஆரம்பப் படைப்புகளில் பங்காளியாக இருந்த டென்மார்க்குக்காரர் உல்ரிக் பிளெஸ்னர் இலங்கைக்கு வந்ததே மினெட்டிடம் வேலை செய்யத்தான். பாவாவின் பெரிய கட்டடங்களைச் சாத்தியமாக்கியவர்களில் பொறியாளர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழரின் பங்கும் பெரிது. 1967 முதல் அவர் நிறுவனத்தின் பங்குதாரர். எனவே தனி மேதை ஒருவர் வெறுமையிலிருந்து ஒரு பாணியைப் படைத்தார் என்ற கதையே பிழையானது. அதைவிட முக்கியமானது இருவருடைய வழியிலும் உள்ள வேறுபாடு. பாவாவின் தொடக்கக் காலக் கட்டடங்களில் ஒன்று, மஸ்கெலியாப் பக்கத்து ஸ்ட்ராத்ஸ்பே தேயிலைத் தோட்டத்தில் 1959இல் கட்டிய நிர்வாகியின் பங்களா. மலைக்கும் மழைக்கும் இசைந்த வீடு அது. ஆனால் தோட்டத்தில் யாருக்குக் கட்டடக் கலைஞர் தேவை என்ற பழைய விதியை அது மாற்றவில்லை. துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு லயம். பாவா கண்ணால் பார்த்துக் கட்டினார். மினெட் காதால் கேட்டும் கட்டினார். இரண்டும் வேண்டியவைதாம். உலகம் முதலாவதை மட்டுமே கொண்டாடியது.

இரண்டாவது எதிர்வாதம் கடினமானது. மினெட் கட்டியவை குறைவு. அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வசதி படைத்த குடும்பங்கள். வட்டப்புளுவவிலும் மாதச் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர்கள்தானே இருந்தார்கள் என்பது. இந்த வாதம் உண்மைகளில் தவறவில்லை. ஒரு பெண் மேற்பார்வை செய்வதை ஒப்பந்தக்காரர்கள் ஏற்கத் தயங்கிய காலம் அது. பெரிய அரசு வேலைகள் அவருக்கு வரவில்லை. 1960களில் வாய்ப்புகள் சுருங்க, நெடுங்காலம் பயணத்தில் கழித்தார். லண்டனில் பானிஸ்டர் ஃபிளெச்சரின் கட்டடக்கலை வரலாற்று நூலின் புதிய பதிப்புக்கு ஆசியப் பகுதிகளை எழுதினார். 1970களின் பிற்பாதியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். கண்டி திரும்பிய பிறகு 1980களில் கண்டிக் கலைச் சங்கத்தின் பண்பாட்டு மையத்தைக் கட்டினார். இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் தங்கப் பதக்கம் தந்தது 1996இல். இரண்டே ஆண்டுகளில் மறைந்தார். தன்வரலாறு அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் ஒரு முறையின் மதிப்பை அது எத்தனை முறை பயன்பட்டது என்று எண்ணி முடிவுசெய்ய முடியாது. பயன்பட்ட இடத்தில் அது வேலை செய்ததா, மற்ற இடங்களுக்கும் பொருந்துமா என்றே பார்க்க வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு அது எட்டவில்லை என்றால் தடுத்தது முறையின் குறையா, வேறு ஏதேனுமா என்பதே சரியான கேள்வி.

இங்கேதான் தோட்டத்து லயம் இந்த விவாதத்துக்குள் வருகிறது. இலங்கை மலைநாட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், அதாவது அறைகள், முதுகோடு முதுகாக ஒட்டி நிற்க, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு என்ற தாழ்வாரம் ஓடும். கேமரன் மலையின் தேயிலையும் அந்த மரபிலிருந்து விலகிப் பிறக்கவில்லை. 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது கூட்டாளியாக நின்ற மில்ன் இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்தவர். தேயிலை பயிரிடும் அறிவோடு தோட்டத்தை அமைக்கும் முறையும் கடல் கடந்தது: மேட்டில் பங்களா, தொழிற்சாலை அருகில் அலுவலகம், பள்ளத்தில் வரிசையாக வீடுகள். லயம் என்பது ஒரு கட்டட வடிவம் மட்டும் அன்று; கணக்கெடுக்கவும் காலையில் பேர்போடவும் வசதியாக மனிதர்களை அடுக்கும் முறை. அதை வரைந்தவர் அங்கே குடியிருக்கப் போகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சமையல் புகை எங்கே போகும், வயதுவந்த பெண் எங்கே உடை மாற்றுவாள், பிரசவித்தவளும் முதியவரும் எங்கே படுப்பார்கள், குலதெய்வத்தின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் மக்களே தார்ப்பாயும் தகரமும் பலகையும் கொண்டு பிறகு விடை கண்டார்கள். லயத்தைச் சுற்றி எழுந்த அந்த ஒட்டுச் சாய்ப்புகளை அழுக்கு என்று சொல்வோர் உண்டு. கேட்கப்படாத கேள்விகளுக்குக் குடியிருப்போர் தாமாக எழுதிய பதில்கள் அவை.

லயம் பழைய கதை, இப்போது சட்டம் வந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். மலேசியாவில் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. பின்னர் திருத்தி விரிவாக்கப்பட்டது. குடிநீர், மின்சாரம், கழிப்பிடம், இடவசதி என்று அது வகுத்த அளவுகள் பயனுள்ளவை. அவற்றுக்காகத் தொழிற்சங்கங்கள் நெடுநாள் போராடின. இருந்தாலும் குறைந்தபட்ச அளவு என்பதும் வேறொருவர் தீர்மானித்துத் தரும் அளவே. அதிகாரி அளக்கிறார், நிர்வாகம் கட்டுகிறது, தொழிலாளி குடிபுகுகிறார். இன்று கேமரன் மலைத் தேயிலையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா எனப் பல நாட்டவர் கொழுந்து பறிக்கிறார்கள். முன்பு பறித்த தமிழர் பலர் தோட்டத்தை விட்டுக் காய்கறிப் பண்ணைக்கும் கடைக்கும் நகரத்துக்கும் போய்விட்டார்கள். பறிப்பவரின் மொழி மாறியது. அவரைக் கேட்காத பழக்கம் மாறவில்லை.

ஒவ்வொருவரையும் கேட்டுக் கொண்டிருந்தால் செலவு தாங்காது, நாள் போதாது என்பது நிர்வாகத் தரப்பின் வழக்கமான மறுப்பு. வட்டப்புளுவவே அதற்குப் பதில். கேட்பது என்றால் இருநூறு குடும்பத்துக்கு இருநூறு தனி வரைபடம் போடுவது என்று பொருளில்லை. பதில்களைத் தொகுத்தால் பொதுத் தேவைகள் தெளிவாகும். சில மாதிரிகளே போதும். மேலும், கேட்காமல் கட்டிய வீட்டைப் பின்னால் இடித்தும் ஒட்டியும் திருத்துவதும் செலவுதான். அதைத் தொழிலாளி தம் கையிலிருந்து கொடுப்பதால் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியில் கட்டிய பல்லாயிரம் வீடுகளில் பெரும்பாலானவை, பணத்தைத் தவணையாகப் பெற்றுப் பயனாளிகளே கட்டிக்கொண்டவை. மலையகத்தில் ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு தரும் திட்டமும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சி. குடியிருப்பவரின் கையில் முடிவை விட்டால் வேலை நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அந்த வீடுகள் இடம் தரவில்லை.

ஆனால் கேள்வித்தாள் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நினைப்பதும் பிழை. 1940களில் எகிப்தின் லக்ஸர் அருகே ஹசன் ஃபத்தி என்ற மேதை மண் செங்கலில் புதிய குர்னா என்ற கிராமத்தை அமைத்தார். குடும்பங்களின் வாழ்முறையைக் கவனித்து, வீட்டுக்கு வீடு வேறுபடுத்தி வரைந்தார். வடிவம் உலகப் புகழ் பெற்றது. மக்கள் குடிவர மறுத்தார்கள். பழைய கல்லறைகளின் மேலிருந்த தங்கள் ஊரை விட்டுப் போவதா என்ற முதல் கேள்வியை அரசு அவர்களிடம் கேட்கவே இல்லை. வீடு எப்படி இருக்கலாம் என்ற இரண்டாவது கேள்வி மட்டும் கேட்கப்பட்டது. வட்டப்புளுவவின் வெற்றிக்குப் பின்னாலிருந்த உண்மையும் இதோடு சேர்ந்து விளங்குகிறது. அங்கே பதில் சொன்னவர்கள் அந்த வீட்டில் நிலைத்திருக்கப் போகிறவர்கள், வாக்குள்ள குடிமக்கள். லயத்தில் இருப்பவருக்கோ வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றாலோ தோட்டம் கைமாறினாலோ வீடு போய்விடும் என்றால் அவரிடம் சன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை. மினெட்டின் முறையைத் தடுத்தது வறுமை அன்று. நிலத்தின்மீதும் நாட்டின்மீதும் உரிமையற்ற நிலை. தாய் ஆக்னஸ் கேட்ட வாக்கு பறிக்கப்பட்ட மக்களுக்கு, மகளின் கேள்வித்தாளும் வந்து சேரவில்லை.

எனவே மினெட் டி சில்வாவை மறக்கப்பட்ட பெண் மேதை என்று மீட்டெடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022இல் தெற்காசிய விடுதலைக் காலக் கட்டடக்கலைக் காட்சியில் அவரைச் சேர்த்தது நல்ல செய்தி. ஆனால் காட்சிப் படங்களில் வீடு மட்டுமே தெரியும், கேள்வித்தாள் தெரியாது. அவருடைய வேலையிலிருந்து கேமரன் மலைக்குப் பொருந்தும் அளவுகோல் இரண்டு படிகள் கொண்டது. தங்கியிருக்கும் உரிமை முதல் படி. எப்படித் தங்குவது என்று சொல்லும் உரிமை இரண்டாவது படி. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் பேசப்படும்போதெல்லாம் முதல் படியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சுற்றுலாவுக்காகத் தேநீர் மையங்கள் எழும்போது எந்தப் படியும் நினைவுக்கு வருவதில்லை. அடுத்த முறை கோலா தெர்லாவிலோ ரிங்லெட்டிலோ தொழிலாளர் வீட்டுக்கான நிலம் அளக்கப்படும்போது, சரிவை எவ்வளவு வெட்டுவது என்ற பொறியாளரின் கேள்வியோடு, குடிவரும் பெண்ணுக்கு அடுப்படி எங்கே வேண்டும் என்ற கேள்வியும் அதே கோப்பில் இருக்க வேண்டும். அதைக் கேட்பதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. 1958இல் கண்டி மலையில் ஒரு பெண் அதைச் செய்து காட்டிவிட்டார்.